பத்து மணிக்குப் பிறகு மைக் இல்லை

எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் கடை. போட்டோக்கொப்பி, ரீலோட், அடையாள அட்டைப் படம், படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்புறத்தில், ஒரு குளக்கட்டுக்குக் கீழே. தமிழில் தட்டச்சு அடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக என்னை விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். நான் பந்து உதைத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. கடிதம் அடிக்கிற வேலை மட்டும் குறையவில்லை.

மூன்று வருடத்தில் மூன்று விழா வைத்துவிட்டோம். பகலில் விளையாட்டு, பின்னேரம் பரிசளிப்பு, இரவில் கூத்து. முதல் விழா 2023 சித்திரையில். அன்று இரவு பத்தேகால் மணிக்கு, காத்தவராயன் கூத்தில் காத்தவராயனாக முதலில் ஆடுகிற முதற் காத்தான் வந்து இரண்டாவது பாட்டு எடுத்த நேரம், பொலிஸ் வாகனம் மைதானத்து வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் மரியாதையாகத்தான் கேட்டார், "அனுமதிக் கடிதம் எங்கே?" நானும் பெருமையாகக் கோப்பைத் திறந்து நீட்டினேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். ஒலிபெருக்கி இரவு 10.00 மணி வரை.

விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது இரவு 7 மணி முதல் அதிகாலை 5 மணி வரை. கிடைத்த அனுமதியில் இருந்தது 10 மணி. அந்தக் கடிதம் ஒரு கிழமையாக என் மேசையில்தான் கிடந்தது. முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, வாசிக்கவில்லை. ஊருக்கே கடிதம் வாசித்துச் சொல்கிறவன் நான்!

இப்போது அயலூர்ப் பெடியள் கடைக்கு வந்து, "அண்ணை, கிரவுண்டிலை ஒரு நிகழ்ச்சி வைக்க என்ன கடிதம் வேணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதுதான் எழுதி வைக்கிறேன்.

வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "கிரவுண்ட் ஆரின்ரை?" என்பதுதான். "எங்கட கழகத்தின்ரை" என்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோது கழகத்தின் பதிவுச் சான்றிதழ், கூட்டக் கொப்பி, கிண்ணங்கள் எல்லாம் போய்விட்டன. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது மைதானத்தின் ஓரம் முழுக்கச் சிவப்புத் தலை வைத்த தடிகள் நட்டிருந்தன. கண்ணிவெடி எடுத்து முடிந்து, பற்றை வெட்டி, இரண்டு கம்பத்தை நட்ட அன்றைக்கே மைதானம் மனத்தளவில் எங்களுடையதாகிவிட்டது. காகிதத்தில் யாருடையது என்று ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

பிரதேச சபையில் நில அளவைப் படத்தை விரித்தபோதுதான் தெரிந்தது, மைதானம் ஒரு காணி அல்ல, இரண்டு. வீதியிலிருந்து மேற்குப் பக்கக் கோல் கம்பம் வரை சபையினுடையது. அதற்கு அப்பால், நாங்கள் மேடை போட்டு வந்த இடம், குளத்துக்கு ஒதுக்கிய காணி. எங்கள் குளம் சின்னக் குளம், ஆகவே அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். குளக்கட்டின் அடியில் குழி தோண்டிக் கம்பம் நட்டால் கமக்காரர் அமைப்பு சும்மா இருக்குமா? இருக்கக் கூடாதுதானே. மேடையைக் கிழக்கே நகர்த்தினோம். ஒரு கடிதம் மிச்சம்.

உங்கள் ஊரில் வேறு மாதிரி இருக்கலாம். பாடசாலை மைதானமென்றால் அதிபரிடம் தொடங்கி வலயக் கல்விப் பணிமனை வரை போகவேண்டும். கோயில் வீதியென்றால் பரிபாலன சபை. அரச காணியென்றால் பிரதேச செயலாளர். வன்னியில் காட்டோரத்து மைதானங்களில் வன இலாகாவின் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்பதையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. கிராம அலுவலருக்கு இதெல்லாம் ஓரளவு தெரியும். ஊருக்குப் புதியவர் என்றால், பழைய விதானையாரைத் தேடிப் போங்கள். எங்களுக்கு எல்லை சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஒருவர்தான். படத்தில் இருந்த கல்லைப் பற்றைக்குள் காலால் தட்டிக் காட்டினார்.

அடுத்தது திகதி. இது கடிதத்தை விடக் கடினம்.

வன்னியில் மைதானம் என்பது விளையாடுகிற இடம் மட்டுமல்ல. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடியும்போது அங்கே நெல் காயும். படங்கு விரித்து மூட்டை மூட்டையாகப் பரப்பியிருக்கும் நேரத்தில் "நாங்கள் அனுமதி எடுத்திருக்கிறோம்" என்று போய் நின்றால் உதை விழும், பந்துக்கு அல்ல. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை, மைதானமே சின்னக் குளம். மிஞ்சுவது சித்திரையிலிருந்து ஆவணி வரை. அதிலும் வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பிவிடும், புழுதி பறக்கும்.

சரி, சித்திரை என்று வைத்தால் பரீட்சை. சாதாரண தரப் பரீட்சை முன்பு மார்கழியில் வரும், கண்ணை மூடிக்கொண்டு திகதி வைக்கலாம். இப்போது அது அலைகிறது. 2023 இல் மே 29 இல் தொடங்கியது, 2024 இல் மே 6, 2025 இல் மார்ச் 17. 2024 விழாவுக்கு நாங்கள் மே முதல் சனிக்கிழமையைக் குறித்து அழைப்பிதழும் அடித்துவிட்டோம். ரியூசன் கொட்டிலில் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் கடைக்கே வந்துவிட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கத் தேவையில்லாமலே தள்ளி வைத்தோம். பரீட்சை முடிந்த உடனே வைக்கலாமா என்றால் அது மே மாதத்து நடுப்பகுதி. முள்ளிவாய்க்காலை நினைக்கிற கிழமையில் இந்தப் பக்கம் எந்த ஊரிலும் பாட்டுப் போட்டு விளையாட்டு வைக்க மாட்டார்கள். அதற்கு எந்த அலுவலகத்திலும் விதி எழுதி வைத்திருக்கவில்லை, எழுதத் தேவையுமில்லை. அப்புறம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஊரே அங்கே போய்விடும். கடைசியில் ஆனிக்குத் தள்ளினோம். அடித்த அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் இப்போதும் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

அலுவலகங்களைப் பொறுத்தவரை, போகிற ஒழுங்குதான் முக்கியம். ஒழுங்கு தெரியாமல் முதல் வருடம் பொலிஸ் நிலையத்துக்கு முதலில் போனேன். "காணிச் சொந்தக்காரரின் கடிதம்?" என்று திருப்பி அனுப்பினார்கள். பிரதேச சபைக்குப் போனேன். "கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல்?" கிராம அலுவலர் அன்று களப்பணியில். மூன்று நாள் கடை பூட்டு.

இப்போது நான் போகிற வழி இது. முதலில் கழகக் கூட்டத்தில் தீர்மானம், அதைக் கூட்டக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து. அந்தப் பக்கத்தின் பிரதியோடு கிராம அலுவலர். அவருடைய சிபாரிசோடு பிரதேச சபை. அங்கே மைதானக் கட்டணமும், திருப்பித் தருகிற பிணைப்பணமும் கட்டிப் பற்றுச்சீட்டு. கட்டணம் சபைக்குச் சபை வேறுபடும், கேட்டுப் போங்கள். அந்த அனுமதியோடு பொலிஸ். இடையில் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் பார்த்து ஒரு பிரதியைக் கொடுத்துவிடுவேன். கழகப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதை அவர்தான் சொல்வார். எங்களுடையது புதுப்பிக்காமல் கிடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

பொலிஸ் கடிதத்தில் நான் எழுதுகிறவை: யார் நடத்துகிறார்கள், பொறுப்பாக நிற்கும் மூன்று பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும். எத்தனை ஒலிபெருக்கி, எந்தத் திசை பார்த்து. எத்தனை சனம் வரும், வாகனம் எங்கே நிற்கும். திசையை ஏன் எழுதுகிறேன் என்று பிறகு சொல்கிறேன். தமிழில் எழுதுவது எங்கள் உரிமை, அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனாலும் சிங்களத்தில் ஒரு பக்கம் மொழிபெயர்த்துப் பின்னால் குத்தி வைப்பேன். கடமையில் இருப்பவர் வாசித்துச் சொல்ல இன்னொருவரைத் தேடினால், காத்திருப்பது நான்தான். எங்கே கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் கிடைத்த திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "உங்கட கடிதம் வரேல்லையே" என்ற வசனத்துக்கு அதைத் தவிர வேறு மருந்து இல்லை.

2023 இல் இன்னொரு கூத்தும் நடந்தது. வழக்கம்போல "கௌரவ தவிசாளர் அவர்களுக்கு" என்று விளித்துக் கடிதம் அடித்துக்கொண்டு போனேன். எழுதுவினைஞர் சிரித்தார். "தம்பி, தவிசாளர் இல்லை. சபை கலைஞ்சிட்டுது, செயலாளருக்கு மாத்துங்கோ." 2023 மார்ச் 19 உடன் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்திருந்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடந்து புதுச் சபைகள் வரும்வரை செயலாளர்களே எல்லாவற்றையும் பார்த்தார்கள். யார் பதவியில் இருக்கிறார் என்று ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருந்தால் ஒன்றரை மணி நேர பஸ் பயணம் மிஞ்சியிருக்கும்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன்.

பத்து மணி என்பது பொலிஸார் மனம்போனபடி வைத்த நேரமல்ல. ஒலிபெருக்கிக்கான அனுமதி பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80 ஆம் பிரிவில் வருகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த அனுமதி கொடுக்கக் கூடாது என்பது 2007 இல் உயர் நீதிமன்றம் ஒரு சத்த வழக்கில் இட்ட கட்டளை. பகலிலும் சத்தம் அந்த வளவோடு நிற்கவேண்டும். விசேட நிகழ்வென்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சர், பாதிக்கப்படக்கூடியவர்களின் சம்மதத்தைப் பெற்று, குறித்த சில மணி நேரத்துக்கு விலக்குத் தரலாம். அந்தச் சம்மதம் என்ற சொல்தான் எங்களை ஆச்சியின் வீட்டுப் படலைக்குக் கொண்டு போனது.

முதல் வருடம் பொலிஸ் அவசர இலக்கம் 119 க்கு அழைத்தது யார் என்று பெடியள் துப்புத் துலக்கினார்கள். மைதானத்தின் வடகிழக்கு மூலையில், வேலிக்கு அப்பால் இருக்கிற வீடு. ஆச்சி, படுக்கையில் கிடக்கிற அவருடைய கணவர், ஒரு மகள், நாலு மாடு. "ஊர் விழாவைக் குழப்பின ஆக்கள்" என்று பெடியளுக்குக் கோபம். அவர்கள் போய் ஏதாவது பேசிவிடுவார்களோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டு போனேன்.

ஆச்சி மறைக்கவில்லை. "நான்தான் பிள்ளையைக் கொண்டு அடிப்பிச்சனான் மோனை. அவருக்கு இரவிலை பெரிய சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் உதறும். பங்கருக்கை போகவேணும் எண்டு எழும்பப் பாப்பார். விழுந்தால் நாங்கள் ரெண்டு பேரும் தூக்கேலாது."

தேநீர் தந்தார். குடித்துவிட்டு வந்தேன். கழகக் கூட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒருவரும் அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றிக் கதைக்கவில்லை. வெடி கொளுத்துவதை அந்தக் கூட்டத்திலேயே நிறுத்தினோம். ட்ரோன் கமரா கொண்டுவந்து படம் எடுக்கவேண்டும் என்ற ஆசை சில பெடியளுக்கு இருந்தது. அதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபை வரை போகவேண்டும் என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம், தலைக்கு மேலே வண்டு சுற்றுகிற சத்தத்தை இந்த ஊரில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவரும் காசு கொடுத்துக் கேட்க மாட்டார்கள். போரின்போது வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயரே வண்டுதான்.

சரி, முதல் வருடம் மைக்கை நிறுத்திய பிறகு என்ன நடந்தது? விழா முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். சனம் எழும்பவில்லை. கூத்துப் பழக்கிய அண்ணாவியார், எழுபதைக் கடந்தவர், ஆர்மோனியக்காரரிடம் ஏதோ சொன்னார். பிறகு சனத்தைப் பார்த்து, "கிட்ட வாங்கோ, மைக்கோ பாடுறது? நாங்கள்தானே பாடுறம்" என்றார். கதிரைகளில் இருந்தவர்கள் இறங்கி முன்னால் நிலத்தில் குந்தினார்கள். பிற்பாட்டுக்கு நின்ற நாலு பேரோடு சனமும் சேர்ந்து பாடியது. காத்தவராயன் பாட்டு இங்கே பாதிச் சனத்துக்குப் பாடம். நடு இரவில் இன்னொரு இடைஞ்சல் வந்தது. ஜெனரேற்றரின் சத்தம் கூத்தை விடப் பெரிதாகக் கேட்டது. மைக் இருந்தவரை அது ஒருவர் காதிலும் விழவில்லை. இரண்டு பெடியள் அதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வயல் வரம்பு வரை கொண்டு போய், இருந்த வயரையெல்லாம் முடிந்து இணைத்தார்கள். முடிச்சுப் போட்ட வயரில் லைற் எரித்தது எவ்வளவு ஆபத்து என்று அடுத்த நாள் காலைதான் உறைத்தது. அதை ஒருவரும் பின்பற்ற வேண்டாம். நீளமான ஒரே வயரை முதலே ஒழுங்கு பண்ணுங்கள்.

2024 இல் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று சம்மதப் படிவம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். ஆச்சி பேனாவை வாங்கவில்லை.

"போன முறை பத்து மணிக்குப் பிறகு ஆடினீங்கள்தானே?"

"ஓம் ஆச்சி, மைக் இல்லாமல்."

"அது எங்களுக்கும் கேட்டது. அவரும் கேட்டுக்கொண்டு கிடந்தவர். உதறேல்லை. அப்பிடியே ஆடுங்கோவன்."

படிவத்தைக் கிழித்துவிட்டேன். விலக்கே கேட்கவில்லை. ஒலிபெருக்கி விண்ணப்பத்தில் இரவு 10 மணி என்று நானே எழுதினேன், அதன் பிறகு ஒலிபெருக்கி இல்லாமல் கூத்து விடியும்வரை நடக்கும் என்று தனி வரியும் சேர்த்தேன். பரிசளிப்பை ஏழு மணிக்குள் முடித்தோம். பேச்சுக்காரர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். இதற்கு அனுமதி எடுப்பதுதான் எல்லா அனுமதியிலும் கஷ்டம். ஒன்பதரைக்குக் களரி கட்டியாயிற்று. மேடைக்கு மூன்று பக்கமும் சனம் நெருங்கி இருக்க இடம் விட்டோம். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒலிபெருக்கிக்காரர் தானே வயரைச் சுற்றத் தொடங்கினார். அவருக்கும் சந்தோசம், நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

திசை விசயத்துக்கு வருகிறேன். ஆனியில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஆச்சியின் வீடு வடகிழக்கு. அதாவது ஒலிபெருக்கிக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தத்தைக் காற்று அந்த வீட்டுக்குத்தான் தள்ளிக்கொண்டு போகும். குழாய்களைக் குளக்கட்டைப் பார்த்துத் திருப்பி, உயரத்தையும் குறைத்தோம். ஆறு குழாயை மூன்றாக்கினோம். மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. வீட்டு முற்றத்தில் போய் நின்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அளவை முடிவு செய்தோம். ஒலிபெருக்கிக்காரருக்கு இது கொஞ்சம் அவமானம், அடுத்த ஊருக்குக் கேட்காவிட்டால் அவருடைய பெயர் என்னாவது!

விடியும்வரை நடத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது விளங்காது. அயலூரிலிருந்து வருகிற சனம் காட்டு வீதியால் போகவேண்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு அந்த வீதி யானைக்குரியது. பத்து மணிக்கு எல்லாவற்றையும் முடித்துப் பெண்களையும் பிள்ளைகளையும் மோட்டார் சைக்கிளில் அனுப்பினால், அதுதான் ஆபத்து. கூத்து முடியக் காலை வெளிச்சம் வரும், கடைசியாக வரும் கழுமரக் காட்சி முடிந்து ஆறுதலாக எழும்பிப் போவார்கள். பொலிஸ் கடிதத்தில் இதையும் எழுதினேன். பொறுப்பதிகாரி அந்த வரியை இரண்டு முறை வாசித்தார், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிக்கற் விற்றால் கேளிக்கை வரி வரும். அடித்த ரிக்கற் புத்தகங்களை முதலே சபைக்குக் கொண்டு போகவேண்டும். நாங்கள் நுழைவை இலவசமாக்கி, இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் நன்கொடை வாங்கினோம். அதிர்ஷ்ட லாபச் சீட்டு இழுக்கும் யோசனை வந்தது, அதற்குத் தனி அனுமதி என்றதும் கைவிட்டோம். சாப்பாட்டுக் கடைகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு கிழமை முன்பே சொல்லுங்கள். அவர் வந்து தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், கை கழுவ இடம் இருக்கிறதா, மலசலகூடம் எத்தனை என்றுதான் பார்ப்பார். விழா நாளன்று வந்து பார்த்தால் கடையைப் பூட்டத்தான் முடியும், முதலே வந்தால் சொல்லித் தருவார். சாராயம் எங்கே, யாரிடம் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வாசலில் இரண்டு மாமாமாரை நிறுத்துவோம், அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

சோடனையைப் பற்றி ஒன்று. 2017 செப்டெம்பரிலிருந்து நிகழ்வுகளில் பொலித்தீன் சோடனை தடை. மதிய உணவு சுற்றுகிற லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் அப்போதே தடைப்பட்டவை. பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் கலர் பொலித்தீன் கொடியைத்தான் கட்டுகிறார்கள். முதல் வருடம் நாங்களும் கட்டினோம். சோளகம் வர முன்பே அது கிழிந்து வயலுக்குள் போய், வாய்க்கால் மதகை அடைத்தது. கமக்காரர் அமைப்பின் தலைவர் ஒரு சாக்கு நிறைய அதை அள்ளிக்கொண்டு வந்து என் கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் குருத்தோலைத் தோரணம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் ஒரே இரவில் பின்னித் தந்தார்கள். விழா முடிய மாடுகள் பாதியைத் தின்றுவிட்டன.

காயம் பட்டால் 1990 க்கு அழையுங்கள், காசு இல்லை. ஆனால் அம்புலன்சுக்கு மைதானம் எங்கே என்று சொல்லத் தெரிய வேண்டும். "பெரிய பாலை மரத்தடியாலை திரும்புங்கோ" என்றால் விளங்காது. பிரதான வீதியில் எந்தக் கிலோமீற்றர்க் கல்லுக்குப் பக்கத்தால் திரும்புவது என்பதை எழுதி அறிவிப்பாளர் மேசையில் ஒட்டி வைத்தோம். சந்தியில் ஒருவரை நிறுத்துவதும் நல்லது. கயிறிழுப்பில் ஒருவருக்குத் தோள் விலகியபோது அது உதவியது.

2025 இல் புதுச் சங்கடம். பரீட்சை மார்ச்சிலேயே முடிந்துவிட்டதால் சித்திரைப் புத்தாண்டோடு வைத்தோம். ஆனால் மே 6 இல் உள்ளூராட்சித் தேர்தல். மைதானம் சபையினுடையது, வேட்பாளர்கள் அந்தச் சபைக்கு வரப் போகிறவர்கள், எல்லோரும் பரிசு கொடுக்கத் தயார். ஒருவர் கிண்ணமே வாங்கித் தருவதாகச் சொன்னார். அனுமதிக் கடிதத்திலேயே "வேட்பாளர் எவரும் மேடையில் ஏறவோ, பரிசு வழங்கவோ, பதாகை கட்டவோ மாட்டார்" என்று எழுதிக் கொடுத்தேன். கடிதத்தை வாங்கிய அலுவலரின் முகம் தெளிந்தது. பிறகு யார் கேட்டாலும், "அனுமதியிலை அப்பிடி இருக்குது அண்ணை, நாங்கள் என்ன செய்யிறது" என்று சொல்ல எனக்கும் வசதியாகப் போயிற்று. பிரதம விருந்தினர், கழகத்தின் முதல் உதைபந்தாட்ட அணியில் கோல் காத்தவர். அவர் பேச எடுத்தது ஒரு நிமிடம்.

கடைசியாக, பிணைப்பணம். 2023 இல் அதில் பாதி திரும்பி வரவில்லை. சறுக்கு மரம் நட்ட குழியை மண் போட்டு மூடினோம், ஆனால் இடிக்கவில்லை. இரண்டு மழைக்குப் பிறகு அது இறங்கிவிட்டது. பயிற்சிக்கு வந்த பெடியன் ஒருவன் அதில் காலை விட்டுக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். சபையிலிருந்து வந்து பார்த்துக் கழித்துவிட்டார்கள். நியாயம்தான். இப்போது விழாவுக்கு முதல் நாளும் மறு நாளும் மைதானத்தை நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்து வைக்கிறேன். குழிகளைக் கிராம அலுவலருக்குக் காட்டிய இடத்தில் மட்டும் தோண்டுகிறோம். மூடும்போது அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு உலக்கையால் இடிக்கிறோம். உழவு இயந்திரமும் தண்ணீர் பவுசரும் ஆடுகளத்துக்குள் வராமல் கயிறு கட்டுகிறோம்.

2025 இல் பணம் முழுதாக வந்தது. அதில் கோல் கம்பங்களுக்குப் புது வலை வாங்கிக் கட்டினோம். மூன்றாம் நாள் ஒரு வலையை மாடு கொம்பால் கிழித்துவிட்டது. பெடியள் படம் எடுத்து எனக்கு அனுப்பி, மாடு ஆருடையது என்று கேட்டார்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஆச்சியின் மாடு. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, வலை தைக்க நைலோன் நூல் எடுத்துக் கொடுத்தேன்.